அந்த 'ஆம்' எங்கே போயிற்று, டீச்சர்?

ராமநாதபுரம் கரையோரப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை புராஜெக்ட் கொடுக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். ஊர்ப் பெயரைச் சொன்னால் பள்ளிக்கூடமும் தெரிந்துவிடும், அது வேண்டாம். தெற்கே இரண்டு தெரு தாண்டினால் கடல் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு கலர் பிரிண்டர், ஸ்பைரல் போடும் மிஷின், லேமினேஷன். அவ்வளவுதான் கடை. ஆனால் இந்த வட்டாரத்துப் பிள்ளைகளின் புராஜெக்ட்டில் பாதி என் கைவழியாகத்தான் உங்கள் மேசைக்கு வருகிறது. அந்த உரிமையில், அந்தப் புராஜெக்ட்டுகளில் ஒரு செய்தி எங்கிருந்து வந்தது என்று ஆதாரம் காட்டாமல் விடுவதைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். என் கம்ப்யூட்டரில் 'புராஜெக்ட்' என்று ஒரு போல்டர் இருந்தது. பாம்பன் பாலம், தனுஷ்கோடி, பவளப்பாறை, கலாம், உப்பளம், பனைமரம், கச்சத்தீவு என்று அதில் நாற்பது பைல். பிள்ளைகள் வந்து, "அண்ணே, பவளப்பாறை இருக்கா?" என்பார்கள். இருக்கும். பெயரையும் வகுப்பையும் மாற்றி, முகப்பில் ஒரு கலர்ப் படம் வைத்து, ஸ்பைரல் அடித்துக் கொடுத்தால் எண்பது ரூபாய். ஒரு வருஷம் ஒரே பவளப்பாறை ஒரே வகுப்பில் ஆறு பேருக்குப் போனது. முகப்புப் படம் மட்டும் ஆறு விதம். ஆறு பேருக்கும் நல்ல மதிப்பெண்.

கடைசிப் பக்கத்தில் 'ஆதாரங்கள்' என்று தலைப்புப் போட்டு, அதன் கீழே 'கூகுள், விக்கிபீடியா, நூலகம்' என்று மூன்று வார்த்தை இருக்கும். அதையும் நான்தான் அடித்தேன். மீன் எந்தக் கடலில் பிடித்தது என்று கேட்டால் 'கூடையிலிருந்து' என்று பதில் சொல்வது மாதிரிதான். பதிமூன்று வருஷத்தில் ஒரு பிள்ளையைக்கூட நீங்கள் திருப்பி அனுப்பியதில்லை.

போன வருஷம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். 'நம் மாவட்ட மக்கள்தொகை' என்று தலைப்பு. அதுவும் போல்டரில் இருந்தது. திறந்து காட்டினேன். நின்றபடியே படித்தாள். 1971-ல் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருபது லட்சத்துக்கும் மேல் மக்கள் இருந்தார்கள், 2011 கணக்கெடுப்பில் அது 13,53,445 ஆகக் குறைந்துவிட்டது, காரணம் குடிநீர்ப் பஞ்சமும் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனதும். இப்படிப் போகும் அந்தக் கட்டுரை. இதில் யாருக்குச் சந்தேகம் வரும்? தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடிய ஊர்கள் இவை. வீட்டுக்கு ஓர் ஆள் துபாயிலோ சவூதியிலோ இருக்கிறார்.

அவளுக்குச் சந்தேகம் வந்தது. "இது எங்கேருந்து எடுத்தீக அண்ணே?" என்றாள். எனக்கு ஞாபகம் இல்லை. நெட்டில் என்று சொல்லிவைத்தேன். பைலை வாங்காமல் போய்விட்டாள். எண்பது ரூபாய் போச்சே என்றுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

பத்து நாள் கழித்து ஒரு நாற்பது பக்க நோட்டோடு வந்தாள், நாலு பக்கம் ஜெராக்ஸ் எடுக்க. நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே ஸ்கேல் வைத்து ஒரு கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் செய்தி. வலப்பக்கம் அது எங்கே கிடைத்தது, எந்தப் பக்கம், அவள் பார்த்த நாள். வலப்பக்கம் நிரம்பாத இடத்திலெல்லாம் சிவப்புப் பேனாவில் ஒரு கேள்விக்குறி. ஓர் இடத்தில் 'அப்பா சொன்னது, அப்பாவுக்கு யார் சொன்னது?' என்று எழுதியிருந்தாள். ஜெராக்ஸ் மிஷின் சூடாகும் நேரத்தில் நான் அதைப் புரட்டிக்கொண்டிருந்தேன். "அண்ணே, ஸ்ரீவில்லிபுத்தூர் எப்ப நம்ம மாவட்டத்துல இருந்துச்சு?" என்று கேட்டாள்.

1971 கணக்கெடுப்பின் அட்டவணையை அவள் தாலுகா தாலுகாவாகப் பார்த்திருக்கிறாள். அதில் ஸ்ரீவில்லிபுத்தூரும் சாத்தூரும் அருப்புக்கோட்டையும் சிவகங்கையும் இருக்கின்றன. 1985-ல் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பங்கு இன்றைய விருதுநகர் மாவட்டம், ஒரு பங்கு சிவகங்கை மாவட்டம், மிச்சம்தான் நாம். ஆட்கள் இருந்த இடத்தில்தான் இருந்தார்கள், கோடு இடம் மாறிவிட்டது. 1971 எண்ணும் சரி, 2011 எண்ணும் சரி, இரண்டையும் பக்கத்தில் வைத்ததுதான் தப்பு. அந்தத் தப்புக்குப் பொருத்தமாகப் பஞ்சமும் துபாயும் காரணமாக வந்து உட்கார்ந்துகொண்டன.

யார் பக்கத்தில் வைத்தது? தேடிப் பார்த்தேன். நான்தான். 2012-ல் ஒரு பையனுக்கு அவசரமாக டைப் அடித்துக் கொடுத்தேன். ஒரு பழைய கைடிலிருந்து ஒரு எண், புதிதாக வந்த செய்தியிலிருந்து ஒரு எண். காரணம் நானாக எழுதியது. அந்தப் பையனின் கட்டுரை நன்றாக இருக்கிறதென்று பள்ளி ஆண்டு மலரில் போட்டார்கள். அதற்கப்புறம் வந்த பிள்ளைகள் 'ஆதாரம்: பள்ளி ஆண்டு மலர்' என்று எழுத ஆரம்பித்தார்கள். அச்சில் இருக்கிறதே! நாலைந்து வருஷத்தில் அதே வரிகள் இணையத்திலும் ஏறிவிட்டன. என் கடையில் பிறந்த தப்பு, ஆதாரம் என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு என் கடைக்கே திரும்பி வந்து நின்றது.

அந்தப் பெண்ணுக்கு இருபதுக்குப் பதிமூன்று போட்டார்கள். கலர்ப் படம் இல்லை, கையெழுத்துப் பிரதி. அதே வகுப்பில் என் போல்டரிலிருந்து வாங்கிப்போன பையனுக்குப் பதினெட்டு. யார் போட்டது என்பதைப் பற்றி எனக்கு ஒன்றும் வேண்டாம், பதினெட்டு வாங்கிக் கொடுத்தவன் நான்தானே. ஆனால் அன்றைக்கு ராத்திரி கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போகும்போது என் அப்பத்தா ஞாபகம் வந்தது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அப்பத்தா தனுஷ்கோடியில் பிறந்தவள். 1964 டிசம்பர் புயலில் தப்பி வந்தவள். அந்த ராத்திரியைப் பற்றி நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். இப்போது நினைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரிகிறது. "தண்ணி வாசலைத் தாண்டி உள்ள வந்துச்சு" என்பாள். "பெட்டியெல்லாம் மிதந்துச்சு" என்பாள். ரயிலைப் பற்றிப் பேசும்போது மட்டும், "பாசஞ்சர் வண்டி அப்படியே கடலுக்குள்ள போயிருச்சாம்" என்பாள். வந்துச்சு, மிதந்துச்சு, போயிருச்சாம். வீட்டுக்குள் வந்த தண்ணீரை அவள் பார்த்தாள். ரயிலை அவள் பார்க்கவில்லை, பார்த்தவர் சொல்லக் கேட்டாள். பள்ளிக்கூடம் போகாத அப்பத்தா அந்த வித்தியாசத்தை ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை.

நாம் எல்லோரும் பேச்சில் இப்படித்தான். 'நாளைக்கு லீவாம்' என்று ஒரு பிள்ளை சொன்னால், 'யாரு சொன்னா?' என்று அடுத்த பிள்ளை கேட்கும். 'தென்கடல்ல நேத்து கணவாய் நல்லாப் பட்டுச்சாம்' என்று கரையில் ஒருவர் சொன்னால், எந்தப் படகு, எத்தனை மணிக்கு வந்தது, நீ பார்த்தியா என்று மூன்று கேள்வி வரும். டீசல் போட்டுக் கடலுக்குப் போகிறவன், பிறர் சொல்லக் கேட்டது என்று காட்டும் அந்த 'ஆம்'-ஐ நம்பிப் போக முடியாது, விசாரித்துத்தான் போவான். ஆதாரம் காட்டுவதற்கான எழுத்து நம் பேச்சிலேயே இருக்கிறது. அதே பிள்ளை பேனாவை எடுத்ததும் 'ஆம்' காணாமல் போய்விடுகிறது. 'ரயில் கடலுக்குள் மூழ்கியது. 115 பேர் இறந்தனர்.' யார் எண்ணியது? அடுத்த பெஞ்சுப் பிள்ளை 200 என்று எழுதுகிறது. அதை யார் எண்ணியது?

தனுஷ்கோடியை நான் வேண்டுமென்றே எடுக்கிறேன். நம் பிள்ளைகள் அதிகம் எழுதும் தலைப்பு அது, எண்கள் அதிகம் முட்டிக்கொள்ளும் தலைப்பும் அதுதான். ரயிலில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று ஓர் இடத்தில் 110 பயணிகளும் 5 ஊழியர்களும் என்றிருக்கும், இன்னோர் இடத்தில் 150, மற்றோர் இடத்தில் 200. டிக்கெட் எடுத்தவர்களை எண்ணினால் ஒரு கணக்கு, எடுக்காமல் ஏறியவர்களையும் ஊகித்துச் சேர்த்தால் இன்னொரு கணக்கு. தேதியும் அப்படித்தான். சிலர் டிசம்பர் 22 என்பார்கள், சிலர் 23. வண்டி பாம்பனை விட்டுக் கிளம்பியது 22-ம் தேதி நள்ளிரவை ஒட்டி. அதனால் எந்தத் தேதியைச் சொன்னாலும் முழுத் தப்பில்லை. இதில் ஒரு பிள்ளை எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. 'இன்ன நாளிதழ், இன்ன தேதியிட்ட இதழில் 115 என்கிறது. இன்ன நூல், இன்ன பக்கத்தில் 200 என்கிறது' என்று இரண்டையும் பெயரோடு பக்கத்தில் வைத்துவிட்டால் போதும். அதற்கு மேலும் இரண்டு வரி, எதை அதிகம் நம்பலாம், ஏன் என்று எழுதினால், அந்தப் பிள்ளைக்கு இருபதுக்கு இருபது போடுங்கள் சார். நான் இனிப்பு வாங்கித் தருகிறேன்.

அடுத்து, தேதி. செய்தி எப்போது எழுதப்பட்டது என்று பார்க்கும் பழக்கமே நம் பிள்ளைகளிடம் இல்லை. விசைப்படகு மீனவர் ஒருவரின் மகன் 'மீன்பிடித் தடைக்காலம் 45 நாள்' என்று எழுதிக்கொண்டு வந்தான். 2017-லிருந்து நம் கரையில் அது 61 நாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அவன் அப்பா வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டு வீட்டில்தான் இருந்தார். கைவிரலில் எண்ணியிருந்தாலே தெரிந்திருக்கும். அவன் பார்த்த இணையப் பக்கம் 2017-க்கு முந்தியது. "உங்கப்பா எத்தனை நாள்டா வீட்ல இருந்தாரு?" என்று கேட்டேன். "ரெண்டு மாசம்ணே" என்றான். "அப்புறம் ஏன்டா 45-னு எழுதுற?" "நெட்ல அப்படித்தான் போட்டிருக்கு."

பாம்பன் பாலத்துக்கும் இதே கதை. 1914-ல் திறந்த பாலத்தில் இன்றும் ரயில் ஓடுவதாகப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். 2022 டிசம்பரிலேயே அதில் ரயில் நின்றுவிட்டது. 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாலம் திறந்தார்கள். நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழும்பும் பாலம் இது. பழையது இரண்டு பக்கமும் கதவு மாதிரி திறந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் தெரிகிற பாலம். போதாததற்கு, 1988-ல் வந்த சாலைப் பாலத்தின் நீளத்தை ரயில் பாலத்துக்குப் போட்டுவிடுகிறார்கள். மூன்று பாலம் கட்டிய இடத்தில் 'பாம்பன் பாலம்' என்று மட்டும் தேடினால் மூன்றும் கலந்துதான் வரும்.

ஆவுளியா என்று நாம் சொல்லும் கடல்பசுவுக்கும் இதே கதிதான். 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் கடல்பசுப் பாதுகாப்பகம் அறிவித்தார்கள். தலைப்பைப் படித்ததும் நம் பிள்ளைகள் 'நம் மாவட்டத்தில்' என்று எழுதிவிட்டார்கள். செய்தியின் இரண்டாவது பத்தி வரை போயிருந்தால் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடல் என்று இருந்திருக்கும்.

எங்கே தேடுவது என்று பிள்ளைகள் என்னைக் கேட்பதுண்டு. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், தெரிந்தவர்கள் நீங்கள் திருத்துங்கள். விக்கிபீடியாவைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அது ஒரு நல்ல பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து போக வேண்டிய ஊருக்கு வண்டி ஏறலாம். கட்டுரையின் அடியில் எண் போட்டு மேற்கோள்கள் இருக்கும், அந்த எண்ணை அமுக்கி மூலத்துக்குப் போய்ப் படித்துவிட்டு மூலத்தின் பெயரை எழுத வேண்டும். அடியில் ஒன்றுமே இல்லையென்றால் அந்த வரியை விட்டுவிட வேண்டும். மக்கள்தொகைக்குக் கணக்கெடுப்புத் துறையின் மாவட்டக் கையேடே இலவசமாகக் கிடைக்கிறது. பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். மீன், பாசி, பவளப்பாறை என்றால் மண்டபத்திலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1947-ல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் தலைமையிடமே முன்பு மண்டபத்தில்தான் இருந்தது. தலைமையிடம் 1971-ல் கொச்சிக்குப் போனது, ஆனாலும் இங்கே நிலையம் தொடர்ந்து நடக்கிறது. என் போல்டரில் '1947-ல் கொச்சியில் தொடங்கப்பட்டது' என்று இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த நிறுவனத்தின் பழைய ஆய்வுக் கட்டுரைகளை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இறக்கிப் படிக்கலாம். ஆங்கிலத்தில் இருக்கும், கஷ்டம்தான். சுருக்கத்தையும் அட்டவணையையும் மட்டும் நீங்கள் கூட உட்கார்ந்து படித்துக் காட்டினால் பிளஸ் ஒன் பிள்ளைக்குப் போதும்.

பழைய ஆங்கில ஆவணங்களில் தேடும்போது நம் ஊர்ப் பெயரை இன்றைய எழுத்தில் அடித்தால் வராது, ராம்நாட் என்று அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய நூலகம் ஒன்று பிள்ளைகளின் வீட்டிலேயே இருக்கிறது. கடற்பாசி பற்றி எழுத வந்த ஒரு பெண்ணின் அம்மா தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகிறவர். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்குகிறவர். மரிக்கொழுந்து எது, கட்டக்கோரை எது, கஞ்சிப்பாசி எது என்று கையால் தடவியே சொல்லிவிடுவார். அந்தப் பெண் கொண்டு வந்த பன்னிரண்டு பக்கத்தில் லத்தீன் பெயர்கள் எல்லாம் இருந்தன. அம்மா ஒரு வரியில்கூட இல்லை. "அம்மாவைக் கேக்கலையா?" என்றேன். "அது எப்படிண்ணே ஆதாரமாகும்?" என்றாள்.

ஆகும் என்று நீங்கள் அவளுக்குச் சொல்ல வேண்டும். எப்படி ஆகும் என்பதையும் சேர்த்து. பேசியவர் யார், என்ன தொழில், எத்தனை வருஷமாக, எந்த ஊர், எந்த நாளில் பேசினோம் என்று எழுத வேண்டும். பெயர் போடலாமா என்று அவரிடமே கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் 'பாசி எடுக்கும் பெண், வயது 46' என்று போட்டால் போதும். அவர் பார்த்ததையும் கேட்டதையும் பிரித்து எழுத வேண்டும், அப்பத்தாவின் வந்துச்சும் போயிருச்சாமும் போல. அப்புறம் கடைசியில் எழுதியதை அவருக்கே படித்துக் காட்ட வேண்டும். இந்தக் கடைசி வேலை முக்கியம். எங்கள் பக்கம் 'கடல் அமைதியாக இருக்கும்' என்று ஒருவர் சொன்னால் வடகடலா (பாக் விரிகுடா) தென்கடலா (மன்னார் வளைகுடா) என்று கேட்டுத்தான் எழுத முடியும். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குணம், அந்தப் பக்கம் ஒரு குணம். அதை எழுதாமல் விட்டிருந்தால் படித்துக் காட்டும்போது அவரே பிடித்துவிடுவார்.

இனி, கடைசிப் பக்கத்தில் ஆதாரத்தை எப்படி எழுதுவது என்ற சங்கதி. மதுரையில் இன்ஜினியரிங் படிக்கும் ஒரு பையன் லீவுக்கு வந்தபோது எம்எல்ஏ முறை என்று ஏதோ சொன்னான். மேற்கோள் காட்டுவதற்கும் சட்டமன்றத்துக்கும் என்ன சம்பந்தம் என்று விழித்தேன். அமெரிக்காவில் ஒரு மொழிச் சங்கம் வகுத்த முறையாம். ஏபிஏ என்று இன்னொன்று, அது உளவியல் சங்கத்தினுடையது. பெரிய பிள்ளைகளுக்கு இவை தேவைப்படும், சரி. ஆனால் அப்படியே எடுத்து நம் பெயர்களுக்குப் போட்டால் சிக்கல். குடும்பப் பெயர் முதலில் என்பது அவர்கள் வழக்கம், ஏபிஏ முறையில் சொந்தப் பெயர் இனிஷியலாகவும் சுருங்கிவிடும். நமக்கு இனிஷியல் அப்பா பெயர், ஊர்ப் பெயர். அப்துல் கலாமை அந்த முறையில் எழுதினால் 'கலாம்' முன்னால் வந்து, 'அப்துல்' ஓர் எழுத்தாகச் சுருங்கிப் பின்னால் போய்விடும். அவர் பெயரே இரண்டாக உடைந்துவிடுகிறது. நம் நூலகங்களில் போடுவது போல 'அப்துல் கலாம், ஆ.ப.ஜெ.' என்று போட்டால் தேடுகிறவருக்கும் கிடைக்கும், பெயரும் முழுசாக இருக்கும்.

பள்ளிப் பிள்ளைக்கு அவ்வளவு இலக்கணம் வேண்டாம் என்பது என் கருத்து. புள்ளி எங்கே, கமா எங்கே என்று மதிப்பெண் குறைப்பதில் அர்த்தம் இல்லை. நூல் என்றால் எழுதியவர், நூல் பெயர், பதிப்பகம், ஆண்டு, பக்கம். நாளிதழ் என்றால் பெயர், தேதி, பக்கம். இணையம் என்றால் பக்கத்தின் தலைப்பு, யார் வெளியிட்டது, எப்போது எழுதியது, நாம் எப்போது பார்த்தோம். பார்த்த நாள் ஏன் என்றால், இணையப் பக்கம் நாளைக்கே மாறிவிடும். இன்னொருவர் அதைப் பிடித்துக்கொண்டு அதே இடத்துக்குப் போய்ச் சேர முடிகிறதா என்பதுதான் பரீட்சை. 'நூலகம்' என்று எழுதினால் போய்ச் சேர முடியுமா? கடைசியில் ஒரு பட்டியல் மட்டும் போட்டாலும் போதாது. எந்த வரி எதிலிருந்து வந்தது என்று அந்த வரிக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு வேண்டும்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். 1894-ல் புறநானூற்றை அச்சிட்ட உ.வே.சாமிநாதையர், ஏட்டுச் சுவடிகள் யார் யாரிடமிருந்து கிடைத்தன என்று எழுதி வைத்த மனிதர். ஓரிடத்தில் ஏடுகள் வேறுபட்டால் பாடபேதம் காட்டியவர். நம் பள்ளிச் சுவர்களில்? 'எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்' குறள் இல்லாத சுவர் இந்த மாவட்டத்தில் இருக்கிறதா என்று தெரியவில்லை. கேட்டதையெல்லாம் நம்பாதே என்று சொல்லும் குறளுக்குக் கீழே குறள் எண் இல்லை. 'எப்பொருள் எத்தன்மைத் தாயினும்' என்று இன்னொரு குறளும் இருக்கிறது. இரண்டுக்கும் முதல் சொல் ஒன்று, இரண்டாம் அடியும் ஒன்றேதான். முதலாவது 423, மற்றது 355. எண் போடாவிட்டால் பிள்ளைகள் இரண்டையும் குழப்பி எழுதுகிறார்கள், நான் பிரிண்ட் எடுத்த பேச்சுப்போட்டித் தாள்களே சாட்சி. பெயின்டரைக் கூப்பிட்டு எண்ணை மட்டும் போடச் சொல்லுங்கள்.

கலாம் வாசகங்களும் அப்படித்தான். வாட்ஸ்அப்பில் வரும் நல்ல வார்த்தைக்கெல்லாம் கீழே அவர் பெயரும் படமும். எந்தப் புத்தகம், எந்தப் பேச்சு, எந்த வருஷம் என்று கேட்டால் பதில் இல்லை. ஊர்க்காரர்கள் நாமே கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

செயற்கை நுண்ணறிவைப் பற்றி நீளமாக எழுத எனக்கு விருப்பமில்லை. சாட்ஜிபிடி வந்த பிறகு என் போல்டருக்கு வேலை குறைந்துவிட்டது, அந்த வயிற்றெரிச்சல் என்று நீங்கள் நினைக்கக்கூடும். ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஒரு பிளஸ் டூ பையன் அதில் கேட்டு வாங்கிய கட்டுரையில் ஐந்து நூல்களின் பட்டியல் இருந்தது. ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம், பக்கம் எல்லாம் கச்சிதம். நான் இதுவரை பிரிண்ட் எடுத்ததிலேயே அழகான ஆதாரப் பட்டியல் அதுதான். மாவட்ட மைய நூலகத்துக்குப் போனபோது சந்தேகத்தில் அதில் மூன்றைத் தேடிக் கேட்டேன். இணையத்திலும் பார்த்தேன். அப்படி ஒரு புத்தகமும் இல்லை. அது ஊகித்து எழுதும் இயந்திரம், அதனிடம் வழி கேட்கலாம், அதையே சாட்சிக்கு அழைக்க முடியாது. பட்டியல் அழகாக இருந்தால் இனிமேல் நீங்கள் இன்னும் ஒரு தடவை கூடுதலாகப் பாருங்கள், ஏதாவது ஒரு வரியைத் தொட்டு, "இந்தப் புத்தகத்தைக் கொண்டுவா, பார்க்கலாம்" என்று சொல்லுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது அதிகம் இல்லை. தலைப்பைச் சிறிதாகக் கொடுங்கள். 'பவளப்பாறைகள்' என்று கொடுத்தால் பிள்ளை என் கடைக்குத்தான் வரும். 'உங்கள் ஊர்க் கரையில் பத்து வருஷத்துக்கு முன் கிடைத்து இப்போது கிடைக்காத மீன் எது, யார் சொல்கிறார்கள், எழுத்தில் எங்கே இருக்கிறது' என்று கொடுத்தால் எந்தப் போல்டரிலும் பதில் இருக்காது. முகப்பும் ஸ்பைரலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். என் வருமானம் போகும், பரவாயில்லை. கோடு போட்ட அந்த நாற்பது பக்க நோட்டையும் சேர்த்து வாங்குங்கள், பாதி மதிப்பெண் அதற்கே கொடுங்கள். சிவப்புக் கேள்விக்குறி இருந்தால் குறைக்காதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று குறித்துவைத்த பிள்ளைக்கு அது கூடுதல் மதிப்பெண்ணுக்கான இடம். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் எல்லாவற்றையும் சரிபார்க்க நேரம் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆளுக்கு ஒரு வரி போதும். ஒரே ஒரு வரியில் விரலை வைத்து 'இது எங்கிருந்து?' என்று கேளுங்கள். எந்த வரி என்று முன்கூட்டியே தெரியாததால் பிள்ளை எல்லா வரிக்கும் தயாராக வரும்.

என் பங்குக்கு, போல்டரை அழித்துவிட்டேன். மூலப் பக்கத்தைப் பிரிண்ட் எடுக்க வரும் பிள்ளைக்குக் கறுப்பு வெள்ளைப் பிரதி பத்துப் பக்கம் வரை காசு இல்லை. நோட்டில் கோடு போட ஸ்கேலும் கடையில் வைத்திருக்கிறேன்.

எங்கள் எதிர்ப் பள்ளிக்கு மட்டும் தனியாக ஒரு விண்ணப்பம். பழைய ஆண்டு மலரில் வந்த அந்த மக்கள்தொகைக் கட்டுரை இன்னும் உங்கள் நூலக அலமாரியில் இருக்கிறது. அடுத்த மலரில் கால் பக்கம் இடம் ஒதுக்கி இப்படிப் போட வேண்டும்: 'முந்தைய மலரில் வெளியான கட்டுரையில் ராமநாதபுரம் மாவட்ட மக்கள்தொகை குறைந்ததாக வந்தது தவறு. 1971 எண் பிரிக்கப்படாத பழைய மாவட்டத்துக்கு உரியது. 2011 எண் 1985-க்குப் பிறகான மாவட்டத்துக்கு உரியது. தவறைக் கண்டுபிடித்தவர் ஒன்பதாம் வகுப்பு மாணவி.' பெயர் போடலாமா என்று அவளிடம் கேட்டேன். போடலாம், ஆனால் அட்டவணையைக் காட்டிக் கொடுத்த நூலகர் அக்கா பெயரையும் போட வேண்டும் என்றாள். அச்சுச் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
எதிர்க் கடைக்காரன்